பூரிக்கட்டையில் இறங்கிய முட்டைகள்

எங்கள் வீட்டில் அன்று முட்டை வெந்தது ஹாலில். சமையலறை இல்லாமல் இல்லை. எங்கள் ஊரான ஊரிகத்தில் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடு எங்களுடையது. சின்னதுதான் என்றாலும் அடுப்பு வைக்க அதில் ஒரு மூலை உண்டு. ஆனால் தொட்டில் கட்டுகிற கொக்கி ஹாலின் நடுவில் இருந்தது. கொக்கி இருக்கும் இடத்துக்கு அடுப்பு வர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தீர்மானித்துவிட்டார். அவர் ஒன்றைத் தீர்மானித்தால் அடுப்பு நகரும், நானும் நகர்வேன், அவர் மட்டும் நகர மாட்டார்.

தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர் அவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கவும் ஏற்றவும் கேஜ் என்று ஒரு இரும்புக் கூண்டு உண்டு. அதன் கயிறு மேலே இன்ஜின் ரூமில் ஒரு பெரிய உருளையில் சுற்றியிருக்கும். அந்த உருளையை ஓட்டுவதுதான் அவர் வேலை. இதில் ஒரு விசேஷம், ஓட்டுகிறவர் கேஜைப் பார்க்கவே முடியாது. இன்ஜின் ரூம் ஒரு பக்கம், கேஜ் இறங்குகிற குழியான ஷாஃப்ட் இன்னொரு பக்கம். முன்னால் இருக்கிற ஒரு முள்ளையும், கீழேயிருந்து வரும் மணியையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும். மூன்று தட்டு விழுந்தால் ஆள் ஏறியிருக்கிறது, பார்த்து ஓட்டு என்று அர்த்தம். இரண்டு என்றால் இறக்கு. ஒன்று என்றால் தூக்கு. கல்யாணமான முதல் வாரத்திலேயே இதையெல்லாம் எனக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டார். எங்கள் லைனில் மற்ற புதுப்பெண்கள் சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பெருமை எல்லாம் கையில்தான். அவர் ஷிஃப்டில் கேஜ் குலுங்காமல் நிற்கும், நிரம்பிய டீ டம்ளரோடு இறங்கலாம் என்று யாரோ ஒருநாள் சொல்லிவிட்டார்கள். அதை அவர் எனக்கு எத்தனை தடவை சொன்னார் என்று கேட்காதீர்கள். சுரங்கம் மூடிய பிறகு காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு பெரிய கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். அங்கே இருந்த லிஃப்டைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே வரவில்லை. மாடி வரும்போது உதறுகிறதாம். கண்ணாடியும் விளக்கும் போட்டு என்ன புண்ணியம், நிறுத்தத் தெரியவில்லையே என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, மருந்து, பயிற்சி எல்லாம் ஆகி, கால் திரும்பி வந்தது, பேச்சு திரும்பி வந்தது. வலது கையில் மட்டும் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. டம்ளரைத் தூக்கினால் பாதி தரைக்குப் போகும். வேறு யாருக்கு வந்திருந்தாலும் அது வெறும் கை நடுக்கம். இவருக்கு அது மானப் பிரச்சினை. வெளியே சாப்பிடுவதை நிறுத்தினார். கல்யாணங்களுக்கு என்னைத் தனியே அனுப்பினார். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிறார் என்று சொல்லச் சொல்லிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பார். அப்படிக் கண்ணை இறுக்கிக்கொண்டு யாரும் தூங்குவதில்லை என்பது வந்தவர்களுக்கும் தெரியும்.

அப்படி வந்து திரும்பிப் போனவர்களில் ஒருவர் அவருடைய பழைய சிநேகிதர். ஷாஃப்டுக்குக் கீழே, கேஜ் வந்து நிற்கிற தளமான லெவலில் நின்று மணி அடித்தவர். இருவரும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தார்கள், ஆனால் வேலை நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் பாதாளத்தில், ஒருவர் மேலே. மணி மட்டும்தான் பேச்சு. "அவன் தட்டுறத வெச்சே, அன்னிக்கு பொண்டாட்டி கூட சண்ட போட்டுக்கினு வந்தானா இல்லையான்னு சொல்லிடுவேன்" என்று இவர் சொல்லுவார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார் அந்த மனிதர். வந்து உட்கார்ந்து இவரை ஓட்டு ஓட்டு என்று ஓட்டுவார். இழுப்பு வந்த பிறகு இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, "ஒடம்ப பாத்துக்கப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை இவர் "தூங்கினார்". பிறகு அவர் வரவில்லை.

எல்லோரும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள். வாயைத் திறந்தாலே கிண்டல் வரும் எங்கள் ஊரில், இவரிடம் மட்டும் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். நானும்தான். முப்பது வருஷத்துக்கு மேல் இவரை ஒரு நாள் விடாமல் கேலி செய்தே குடும்பம் நடத்தியவள், விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி "சாப்பிடறீங்களா, படுத்துக்கறீங்களா" என்று பேச ஆரம்பித்திருந்தேன். அவரும் விருந்தாளி மாதிரியே நடந்துகொண்டார். என் சமையலில் ஒரு குறை சொல்வதில்லை. முன்பெல்லாம் சாம்பாரில் புளி தூக்கல், ரசத்தில் மிளகு கம்மி, சாதம் குழைந்துவிட்டது, சாதம் விறைத்துவிட்டது என்று தினம் ஒரு புகார் இருக்கும். இப்போது எது வைத்தாலும் "நல்லாக் கீது" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருநாள் சாம்பாரில் உப்பே போட மறந்துவிட்டேன். அதற்கும் "நல்லாக் கீது". அன்றைக்கு எனக்கு வந்த பயம், ஆஸ்பத்திரியில்கூட வரவில்லை.

ஒரே ஷாஃப்டில் வேலை பார்த்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் கூடுவார்கள். வீட்டுக்கு ஒரு பண்டம் செய்து எடுத்துப்போக வேண்டும். இரண்டு வருஷமாக இவர் போகவில்லை. மூன்றாவது வருஷமும் போகவில்லை என்றால் பிறகு போகவே மாட்டார் என்று எனக்குப் பட்டது. அதனால் அவர்களுடைய வாட்ஸப் குரூப்பில், அவருடைய போனிலிருந்தே, "எங்க வீட்டுல இருந்து டெவில் முட்டை" என்று தட்டிவிட்டேன். பதிலுக்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அவர் போனை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இத யாரு போட்டது?" என்றார். "உங்க போனுதானே" என்றேன்.

டெவில் முட்டையை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு அடுத்த லைனில் ஒரு ஆங்கிலோ இந்தியன் டீச்சரம்மா இருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஒரு தட்டு நிறைய இதைக் கொடுத்தனுப்புவார். வேகவைத்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து, காரசாரமாகப் பிசைந்து, திரும்ப அந்தக் குழியிலேயே நிரப்பியிருப்பார். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துவிட்டு வருவதற்குள் தட்டு காலியாகியிருக்கும். "பூனை வந்துச்சு" என்பார் என் வீட்டுக்காரர், மீசையில் மஞ்சளோடு. ஆக, இவருக்கு ரொம்பப் பிடித்த பண்டம். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. பிரியாணி என்றால் கை தட்டுக்கும் வாய்க்கும் எத்தனை தடவை போய் வர வேண்டும். ரசம் சாதம் என்றால் கேட்கவே வேண்டாம். அரை முட்டை ஒரே வாய். எடுத்தோம், போட்டோம், முடிந்தது. எல்லோர் நடுவிலும் அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், மற்றது தானாக வரும் என்பது என் கணக்கு.

டீச்சரம்மா ஆஸ்திரேலியாவுக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர் பாட்டிலில் வரும் கடுகு விழுதும், கறுப்பாக ஏதோ ஒரு சாஸும் சேர்ப்பார். என்னிடம் இருந்தது கடுகும் வினிகரும் வெண்ணெயும் மாங்காய் ஊறுகாயும். கடுகை லேசாக வறுத்துப் பொடித்து, வினிகரில் ஊறவைத்துப் பார்த்தேன். மூக்கில் ஏறியது. மஞ்சள் கருவை டீ வடிகட்டியில் வைத்துத் தேய்த்தேன், கட்டியில்லாமல் மாவாக இறங்கியது. அதில் வெண்ணெய், மிளகு, பொடியாக அரிந்த பச்சை மிளகாய், கடைசியில் ஊறுகாய் எண்ணெய் ஒரு ஸ்பூன். அந்த எண்ணெய் விழுந்ததும்தான் அதற்கு உயிர் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, டீச்சரம்மா இதை ருசித்தால் பாஸ்போர்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தற்பெருமை கொஞ்சம் உண்டு.

ஆக, காரம் சரியாகிவிட்டது. முட்டைதான் ஆகவில்லை.

வேகவைத்த முட்டை யாருக்குத் தெரியாது என்று நினைப்போம். குழம்பில் போடுகிற முட்டை எப்படி உரிந்தால் என்ன, குழம்பு மூடிவிடும். டெவில் முட்டை மூடிமறைக்கிற ஜாதி இல்லை. வெள்ளை வழுவழுவென்று இருக்க வேண்டும். முதல் ஞாயிறு ஒத்திகை பார்த்தேன். அடுப்பைப் பற்றவைக்கப் போகும்போது வாசற்படியில் நின்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

"பச்சத் தண்ணியிலயே போடு. மெதுவா சூடு ஏறட்டும். கீழ எறங்க எறங்கத்தான் சூடு ஏறணும். சடார்னு சூட்டுல எறக்கினா தாங்காது."

சுரங்கத்தில் ஆழம் போகப் போகச் சூடு ஏறும், அந்த நியாயத்தை முட்டைக்கும் வைத்தார். இரண்டு வருஷத்தில் என் அடுப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் பேசினதே போதும் என்று இருந்தது எனக்கு. எருமைப் பாலில் வேகவை என்று சொல்லியிருந்தாலும் வைத்திருப்பேன். முட்டையும் அவர் சொன்ன முட்டைதான். பூதிகோட்டையிலிருந்து கூடையில் கொண்டுவருகிற அம்மாவை நிறுத்தி, இது எப்போது போட்டது, எந்தக் கோழி போட்டது என்று விசாரணை நடத்தி, அன்றைக்கு விடிகாலை போட்டதாக அவள் சத்தியம் செய்த பிறகு வாங்கினார். வெந்த பிறகு குளிர்ந்த தண்ணீரில் போடலாம் என்று போனேன். அதற்கும் தடை.

"சூட்டுல இருந்து மேல வந்தவன எவனாவது ஐஸ்ல நிக்க வெப்பானா? கம்பளி போத்தி, டீ குடுத்து, அப்புறமா வெளிய விடணும்."

முட்டைக்கு டீ கொடுக்கவில்லை. மற்றபடி, துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து உரித்தால், ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து பிய்ந்து வந்தது. அம்மை போட்டுத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது ஒவ்வொன்றும். சிலவற்றில் மஞ்சள் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் முட்டை மசாலா.

பெங்களூரில் வேலை பார்க்கிற மகளுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்து முடிக்கவே நேரம் ஆனது.

"அம்மா, எல்லாமே உல்டாவா பண்ணியிருக்க. ஃப்ரெஷ் முட்டைன்னா தோல் ஒட்டிக்கும், ஒன் வீக் பழசுதான் ஈஸியா வரும். தண்ணி நல்லா கொதிக்கும்போது உள்ள விடு. பதினோரு நிமிஷம். எடுத்த உடனே ஐஸ் வாட்டர். அவ்ளோதாம்மா. அப்பா தியரிய மைன்ஸோட மூடச் சொல்லு."

கடைசி வரியை நான் அவரிடம் சொல்லவில்லை. பழைய முட்டைக்காக பஜாருக்குப் போனேன். பல வருஷமாகச் சாமான் வாங்குகிற கடை. "ஒரு வாரம் பழைய முட்டை இருக்குங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு நின்றிருந்தார்கள். "நம்ம கடையில பழசெல்லாம் கெடையாதும்மா" என்றார், என்னவோ நான் அவருடைய பரம்பரையைச் சந்தேகப்பட்ட மாதிரி. எவ்வளவு விளக்கியும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் புதுசு என்று அவர் சொன்ன ஒரு ட்ரேயை வாங்கி, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து நானே பழசாக்கினேன்.

அடுத்த ஒத்திகையில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கரண்டியில் முட்டையை எடுத்துப் போட்டேன். நான் அவசரக்காரி. எதையும் மெதுவாக வைக்கிற கை எனக்கு இல்லை. டக் டக்கென்று அடியில் மோதி, போட்டதில் பாதி விரிசல் விட்டு, வெள்ளை நூல் நூலாக மிதந்தது. ஆனால் விரிசல் விடாத முட்டைகளை ஐஸ் தண்ணீரில் போட்டு, காற்று நிற்கிற தடித்த முனையில் தட்டி, தண்ணீருக்குள்ளேயே உரித்தபோது ஓடு சட்டை மாதிரி கழன்று வந்தது. மகள் சொன்னது சரிதான். என் கைதான் தப்பு.

என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எறக்கல. தள்ளி வுடற" என்றார்.

"அப்போ நீங்க வந்து எறக்குங்க" என்றேன். சும்மா வாயில் வந்துவிட்டது, அத்தனை வருஷப் பழக்கத்தில்.

அவர் வலது கையைத் தூக்கி முன்னால் நீட்டினார். அது ஆடியது. "இந்தக் கையிலயா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு அடுப்பை அணைக்கக் கை வரவில்லை. நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது. அன்று அவர் சாப்பிடும்போது நான் எதிரில் உட்காரவில்லை.

கூடுகைக்கு முந்தின நாள் மத்தியானம் பஜாருக்குப் போய்விட்டு வந்தேன். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் தரையில் குவியலாகக் கிடந்தது. துணிக்கொடிக் கயிற்றைக் காணோம். திருடன் வந்து கயிற்றை மட்டுமா எடுத்துப் போவான் என்று உள்ளே போனால், ஹாலில் என் பூரிக்கட்டை ஒரு நாற்காலியின் முதுகில் கம்பி வளையங்களில் மாட்டியிருந்தது. நாற்காலி நகராமலிருக்க அதன்மேல் அம்மிக்குழவி. பூரிக்கட்டையில் கயிறு சுற்றி, அங்கிருந்து மேலே தொட்டில் கொக்கிக்குப் போய், அதன் வழியாகக் கீழே இறங்கி, நுனியில் நான் வெங்காயம் போட்டு வைக்கிற கம்பிக் கூடையில் முடிந்திருந்தது. வெங்காயம் எங்கே என்று கேட்காதீர்கள், கட்டிலுக்கு அடியில் உருண்டிருந்தது. கூடைக்கு நேர் கீழே அடுப்பு, அடுப்பில் பெரிய பாத்திரம். இவர் எதிரே இன்னொரு நாற்காலியில், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திரும்பி உக்காருங்களேன், பாத்து எறக்கலாம்ல" என்றேன்.

"பாத்துக்கினு ஓட்ட நான் இன்னா பஸ் டிரைவரா?" என்றார்.

பூரிக்கட்டையின் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்திருந்தார். வலது கை ஆடியது. ஆனால் அந்த ஆட்டம் கட்டையில் நின்றுவிட்டது, கயிறு வரைக்கும் போகவில்லை. கயிற்றில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். அது கட்டையை விட்டுக் கழன்றால் கூடை தண்ணீரைத் தொடுகிறது என்று அர்த்தமாம். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். பாத்திரத்துக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்க வேண்டும்.

"நீதான் பெல்லு. நீ தட்டாம நான் நவுர மாட்டேன்."

தண்ணீர் கொதித்தது. கூடையில் முட்டைகளை அடுக்கினேன். இன்னும் இரண்டு வைக்கலாம் என்று கை போனது. திரும்பிப் பார்க்காமலே, "கூட்டம் ஏத்தாத" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பில் மூன்று தட்டு தட்டினேன். ஆள் ஏறியாச்சு. பிறகு இரண்டு. பூரிக்கட்டை சுழன்றது. கூடை இறங்கியது. நான் எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அந்த டீ டம்ளர் கதை உண்மைதான் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஆடாமல், திரும்பாமல், கொதிக்கிற தண்ணீருக்குள் அது அப்படியே அமிழ்ந்தது. ஒரு டக் சத்தம் இல்லை. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு அப்போது நிமிர்ந்திருந்தது.

பதினோரு நிமிஷம் ஆனதும் ஒரு தட்டு. கூடை மேலே வந்தது. ஐஸ் தண்ணீர்ப் பாத்திரம் பக்கத்தில் தயார். அதைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். கம்பளி நியாயத்தை அவர் முழுசாக விட்டுவிடவில்லை. இப்படியே ட்ரேயில் மிச்சமிருந்தது முழுவதும் ஷிஃப்ட் ஷிஃப்டாக இறங்கி ஏறியது. ஒரே ஒரு முட்டையில் மட்டும் விரிசல். "அது வரும்போதே அப்படி வந்துது" என்றார். கடைக்காரர் பாவம், பழி அவர்மேல் போயிற்று.

மறுநாள் காலையில் உரித்தேன். ஒவ்வொன்றும் வழுவழுவென்று வந்தது. குறுக்கே வெட்டாமல் நீளவாட்டில் வெட்டி, தட்டில் உருளாமலிருக்க அடியில் மெல்லிசாக ஒரு சீவு சீவினேன். கருக் கலவையைப் பால் கவரில் அடைத்து, மூலையைக் கத்தரித்துப் பிழிந்தேன். மேலே மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, கொத்தமல்லி ஒரு இலை. உப்பு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். "நான் ஹால் வரைக்கும் தூக்கிக்கினு வரேன். அப்புறம் வூட்டுக்குத் திரும்பிடுவேன்" என்றார். சரி என்றேன். தட்டைத் தூக்கினது நான்தான்.

ஹாலில் ஒரே இரைச்சல். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். இவரைப் பார்த்ததும் ஆண்கள் பக்கத்தில் சத்தம் கொஞ்சம் தணிந்தது. "வாங்கண்ணே, இங்க உக்காருங்கண்ணே" என்று ஃபேனுக்குக் கீழே இடம் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மரியாதையைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாற்காலி தள்ளி அந்த மணிக்காரச் சிநேகிதர், மேஜையில் முழங்கையை ஊன்றி இருமிக்கொண்டிருந்தார். சுரங்கத் தூசி அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள்.

என் தட்டு மேஜைக்குப் போனது. போன வேகத்தில் பாதி காலி. யாரோ ஒருவர் அதை இவர் முன்னால் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். பிறகு வலது கையால் அரை முட்டை ஒன்றை எடுத்தார். இடது கையால் எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

முட்டை வழுக்குகிற வஸ்து. நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கே கை ஆட ஆரம்பித்தது. மஞ்சள் ஒரு கட்டியாக வழுக்கி, வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டுக்கு மேல் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் துணி எடுக்க எழுந்தார். "பரவால்லண்ணே, பரவால்ல" என்று ஒருவர் தணிந்த குரலில் சொன்னார். கையில் மிச்சமிருந்த முட்டையோடு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகம் இறுகிவிட்டது. பெண்கள் பக்கமிருந்து நான் எழுந்துவிட்டேன். இனி இவரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவரவே முடியாது, கெடுத்தது நான்தான் என்று தோன்றியது.

அப்போது யாரோ மேஜையைத் தட்டினார்கள். ஒரே ஒரு தட்டு, விரல் கணுவால், கறாராக.

"லெவலுக்கு ரெண்டு அடி கீழ நிக்குது டிரைவரே" என்றார் மணிக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "பெல் அடிச்சாச்சு. தூக்கு."

என் வீட்டுக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கை மேலே போனது. ஆடிக்கொண்டேதான் போனது. போய், வாயில் முட்டையைச் சேர்த்தது.

"இத்தினி வருசம் எங்க உயிர இவன் கையில குட்த்துட்டு எறங்கிக்கினு இருந்தோம்" என்றார் மணிக்காரர் எல்லோரையும் பார்த்து. "அவன் வாய் எங்க கீதுன்னே அவனுக்குத் தெரில பாரு."

ஹால் இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். துணி எடுக்க எழுந்தவரும் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் வாய் நிறைய முட்டையோடு, "நீ பெல்ல ஒயுங்கா அடிச்சாதானடா நிறுத்த" என்றார். மணிக்காரர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமலோடு நாற்காலியை இழுத்துக்கொண்டு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த முட்டையை இவர் தானாகவே எடுத்தார். அதிலும் கொஞ்சம் சட்டைக்குப் போனது. அதற்கு இன்னொருவர் என்னவோ சொன்னார், அதற்கும் சிரிப்பு.

மென்றுகொண்டே அவர் கண் ஹாலைச் சுற்றித் தேடியது. பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைக் கண்டுபிடித்தது. அத்தனை பேர் நடுவிலும், அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி சொன்னார்.

"இந்தாம்மா. உப்பு கம்மி."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உப்பு சரியாகத்தான் இருந்தது. இன்றுவரை அதை நான் அவரிடம் சொல்லவில்லை.